மேல்வீட்டுத் தண்ணீர்

செப்டம்பர் 3

மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இருந்தும் அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் நனைந்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கப் போனபோது உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. போன வருஷமே நடுவில் பானை மாதிரி உப்பியிருந்த இடத்தில் இப்போது ஒரு விரிசலும் விட்டிருக்கிறது. என் சுண்டுவிரல் உள்ளே போகிறது.

குன்னூரில் வீடுகளெல்லாம் ஒன்றின் தலைமேல் ஒன்றுதான். எங்கள் தகரக்கூரை வீடு கீழே. ஓனர் அருணகிரி சார் வீடு அந்தச் சுவருக்கு மேலே. இரண்டும் அவருடையவைதான். சுவர் சரிந்தால் அவருடைய பின்வாசல் அப்படியே என் அடுப்பின்மேல் வந்து உட்காரும்.

படியேறிப் போய்ச் சொன்னேன். கேட்டை ஒரு கை அகலத்துக்கு மட்டும் திறந்தார்.

"பாக்கலாம்மா."

"போன வருசமும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க சார்."

"பாக்கலாம்மா" என்று மறுபடியும் சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார். உள்ளே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், வீட்டுக்குள் இருந்துகொண்டே பூட்டுப் போடுகிற மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்க வந்த துணி அப்படியே கிடக்கிறது. இன்று மிஷினில் உட்காரவே இல்லை.

செப்டம்பர் 8

அவர் பார்ப்பார் என்று காத்திருந்தால் நடக்காது என்று நானே மாரப்பன் மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் வடிவதற்காக விட்ட ஓட்டைகளில் குச்சியை விட்டுப் பார்த்தார். எல்லாம் மண் அடைத்துக் கிடக்கிறது.

"கீழ இருந்து பூசி ஒண்ணும் ஆகாதும்மா. மேல போய்த் தோண்டி, ஜல்லி போட்டு, தண்ணிக்கு வழி விடணும். வெயில் இருக்கறப்பவே பண்ணிட்டா சின்ன வேலை. ஐப்பசி மழை புடிச்சிட்டா என்னைக் கூப்பிடாதீங்க, சாமியைக் கூப்பிடுங்க."

இருவரும் மேலே போனோம். சார் மேஸ்திரியைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப் போனார்.

"மேல யாரும் வர வேண்டாம். நான் சொல்லி அனுப்பறேன்."

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறோம் சார்" என்றார் மேஸ்திரி.

"வேண்டாம்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அருணகிரி சார் கத்தி நான் கேட்டதே இல்லை.

தன் வீட்டையே தாங்குகிற சுவரைச் சரிசெய்ய வந்தவனை விரட்டுகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

செப்டம்பர் 9

மறுபடியும் தண்ணீர். இந்தத் தடவை விரிசல் வழியாக ஒழுகியே வந்தது. சோப்பு நுரையோடு.

செப்டம்பர் 15

பிலோமினா அக்கா சட்டைக்குக் கை வைக்க வந்தவர் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீடுதான். இந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"உனக்கு வெவரமே பத்தல தவமணி. ரெண்டு வீட்டையும் இடிச்சுட்டு டூரிஸ்டுக்குக் காட்டேஜ் கட்டறதுக்கு ஆள் அலையறாங்க. நீ இருந்தா முடியுமா? போன்னு சொன்னா நீ கோர்ட்டுக்குப் போவ. சொவத்தை விட்டுட்டா நீயே பயந்து ஓடிருவ."

நான் நினைத்ததையே அவரும் சொன்னார்.

"அதை விடு. அந்த டீச்சரம்மா எங்க?"

லோகாம்பாள் டீச்சர், சாரின் மனைவி. இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர்தான் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவர். கோடையிலிருந்து ஆளைக் காணோம். பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சார் சொல்கிறார்.

"போன மனுசி ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பாக்க மாட்டாளா? அவ நட்ட பூச்செடி பூரா காஞ்சு கெடக்குது. அதை விட்டுட்டு இருக்கறவளா அவ?"

அக்கா போன பிறகு வெளியே வந்து மேலே பார்த்தேன். ஜன்னலெல்லாம் திரை. பின்பக்க ஜன்னலுக்குள் கொடியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 21

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஃபாக்டரி ஜீப் ஓட்டுகிறவர். செக்போஸ்டில் சண்டை, டீக்கடையில் சண்டை என்று தினம் ஒரு சண்டையோடு வீட்டுக்கு வருகிற மனுஷர். இதைக் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"விட்டுத் தொலை தவமணி. அவருக்கு என்ன கஷ்டமோ" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழை வந்ததும் இந்தச் சுவர் விழப்போகிறது, ஓனருக்கு என்ன கஷ்டமோ என்கிறார். முகத்தையும் பார்க்கவில்லை, சாப்பாட்டில் கண்ணாக இருந்தார்.

ஜீப்பில் அவருடைய டிபன் டப்பாவை எடுக்கப் போனேன். டெட்டால் வாடை. பின் சீட்டில் ஒரு பெண்பிள்ளைச் சால்வை மடித்து வைத்திருந்தது. மெரூன் நிறம், நல்ல கம்பளி. யாருடையது என்று கேட்டேன். "ஃபாக்டரி மேடம் விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

இருக்கலாம். எனக்குச் சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 27

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையே என் வீட்டுக்காரர் கோத்தகிரிக்கு லோடு என்று கிளம்பிப் போனார். மத்தியானம் பிலோமினா அக்கா வந்து, காலையில் ஜீப் தெருமுனையில் நின்றதாகவும், பின்னால் யாரோ ஒரு பொம்பளை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். பனியில் முகம் தெரியவில்லையாம்.

"ஃபாக்டரி மேடமா இருக்கும்" என்றேன்.

"அப்படியா" என்றார் அக்கா. அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை.

தைத்த பாவாடையையெல்லாம் பிரித்து மறுபடியும் தைத்தேன். மடிப்பு கோணலாக இருந்தது.

செப்டம்பர் 30

ஆயுதபூஜை. ஜீப்புக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கேட்டின் இடுக்கு வழியாகக் கை மட்டும் வந்து தட்டை வாங்கிக்கொண்டது. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், பொம்பளைக் குரல், "யாருங்க அது?" என்றது.

சார் பட்டென்று சாத்திக்கொண்டார்.

கீழே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டிவியா இருக்கும்" என்றார்.

அந்த வீட்டுக்கு மேல் ஆன்டெனாவே கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

அக்டோபர் 6

இன்று சாரைப் படியிலேயே மடக்கிவிட்டேன். மருந்துக்கடைப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, ஸ்வெட்டர் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"சார், சொவத்துல இப்ப என் ரெண்டு வெரல் போகுது. நீங்க ஒரு பதில் சொல்லாம இந்தப் படியை விட்டு நகர மாட்டேன்."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தவமணி, நீங்க வேற வீடு பாத்துக்கங்கம்மா. அட்வான்சை அப்படியே தந்துடறேன். மழைக்கு முன்னாடி போயிருங்க."

வந்துவிட்டது பார், வாயிலிருந்தே! எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"வாடகை ஒருநாள் பிந்தியிருக்கோமா சார்? ஒம்பது வருசமா இருக்கோம். ஒழுகற தகரத்தை நாங்களே மாத்தினோம். வயரிங் நாங்களே போட்டோம். இப்ப சொவத்தை வெச்சு எங்களைத் தொரத்தறீங்க."

"அப்படி இல்லம்மா..."

"எப்படி சார் பின்னே? உள்ள யாரை வெச்சிருக்கீங்க? யாருக்காக இந்தப் பூட்டு?"

அவர் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. என்னைத் தாண்டி ஏறிப் போனார். நான் வழிவிட்டேன் போலிருக்கிறது.

அக்டோபர் 8

நகராட்சி ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். பிலோமினா அக்காவும் கூட வந்தார். சுவரைப் பற்றி விவரமாக எழுதினேன். கடைசியில் அக்கா சொன்னதால் ஒரு வரி சேர்த்தேன். என்ன வரி என்று இங்கே எழுத வேண்டியதில்லை. சுவரைப் பற்றி மட்டும் எழுதினால் ஆறு மாதத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் மட்டும் எல்லாவற்றையும் சொல்கிறாரா என்ன?

அக்டோபர் 14

வந்தார்கள். நகராட்சி ஆட்கள் இரண்டு பேர், அவர்களோடு ஒரு பெண் போலீஸ். தெருவே படிகளில் நின்றது.

சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்களே, சொவத்தைப் பாருங்க, உள்ள வேண்டாம்" என்று கெஞ்சினார். பெண் போலீஸ் சாவியைக் கேட்டு வாங்கினாள். கதவைத் திறந்ததும் தண்ணீர் வாசல்படியைத் தாண்டி ஓடி வந்தது. உள்ளே குழாய்கள் எல்லாம் திறந்து கிடந்தன. பின்வாசலில், சுவரின் விளிம்பில், ஒரு ரப்பர் டியூபிலிருந்து தண்ணீர் காய்ந்த பூச்செடிகளின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லோகாம்பாள் டீச்சர்.

முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நைட்டிக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க, காபி சாப்பிடுங்க" என்றார். நகராட்சி ஆள் சுவரைப் பார்க்க ஒரு எட்டு முன்னால் வைத்ததும் மாறிவிட்டார். "வீட்டை எடுக்க வந்துட்டான்! வீட்டை எடுக்க வந்துட்டான்!" என்று அலறி, டியூபாலேயே அந்த ஆளை அடித்தார். ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தார். நைட்டியையும் தூக்கினார். சார் ஓடிப்போய் ஒரு சால்வையால் அவரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மெரூன் சால்வை.

டீச்சரிடம் படித்தவர்கள் எல்லாரும் படிகளில் நின்று பார்த்தார்கள். பெண் போலீஸ், "யாரும்மா கம்ப்ளைன்ட் குடுத்தது?" என்று திரும்பிக் கேட்டாள். பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். சார் யாரையும் பார்க்கவில்லை.

அக்டோபர் 15

காலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"மே மாசத்துல இருந்து மாசம் ரெண்டு தடவை நான்தான் கோயமுத்தூர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பஸ்சுல போனா அந்தம்மா எறங்கி ஓடிருது. சார் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாரு, நாயகம், ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாது, அவ டீச்சரா இருந்தவன்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட சொன்னா பிலோமினாக்கா வரைக்கும் போகும்."

அவர் சொன்னது அநியாயம். நான் எதையும் யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்கிறவள் இல்லை.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு டீச்சர் நாள் முழுக்கக் குழாயைத் திறந்துவிடுவாராம். தொட்டி வால்வை மூடினால் அழுவாராம். வெளி ஆம்பளை யார் வந்தாலும் வீட்டைப் பிடுங்க வந்தவர்கள் என்று அடிப்பாராம். அதனால்தான் மேஸ்திரியை விடவில்லை. எங்களை வேறு வீடு பார்க்கச் சொன்னதும் சுவருக்குப் பயந்துதானாம்.

அதெல்லாம் சரி. சுவர் சுவர்தானே? அவர் கஷ்டத்துக்காக நாங்கள் மண்ணுக்கடியில் போக முடியுமா?

அக்டோபர் 16

கேசரி செய்தேன். அதிகமாகிவிட்டது. மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 17

பாத்திரத்தைக் கழுவித் துடைத்துச் சார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வீட்டில்தான் இருந்தேன். கூப்பிடவில்லை.

அக்டோபர் 24

தீபாவளியன்று பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சார் முதல் தடவையாகக் கீழே வந்தார். "இனிமே மறைக்க என்னம்மா இருக்கு? மேஸ்திரியை வரச் சொல்லுங்க" என்றார்.

மேஸ்திரி தயங்கினார். "இப்பத் தோண்டினா ஆபத்துங்க. மழை கழியட்டும், தை மாசம் பாப்போம்."

தை மாதம் வரை சுவர் நிற்குமா? எத்தனை தடவை தள்ளிப்போடுவது? கொஞ்சம் பேச்சு நடந்தது, அதிகம் பேசியது நானாகத்தான் இருக்கும். கடைசியில் திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக முடிவானது.

அக்டோபர் 27

வேலை நடக்கிறது. ஆட்கள் டீச்சர் கண்ணில் படாமல் இருக்க நான் முன்னறையில் அவரோடு உட்கார்ந்துகொள்கிறேன். இது என் யோசனைதான்.

டீச்சர் என்னை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறார்.

"நீ யாரு?"

"கீழ்வீட்டுத் தவமணிங்க டீச்சர்."

"எதுக்கு வந்திருக்க?"

"சும்மா, உங்களைப் பாக்கத்தான்."

"சும்மா யாரு வருவா?" என்றார். எழுந்து போய்ப் பீரோவைப் பூட்டிச் சாவியை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டார். நான் தண்ணீர் குடித்த டம்ளரை முகர்ந்து பார்த்தார். சார் உள்ளே வந்ததும் அவர் காதில், எனக்குக் கேட்கும்படியாக, "இவ மூஞ்சியே சரியில்ல. ஜன்னல் ஜன்னலா பாக்கறா" என்றார்.

சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்றது. உடம்பு சரியில்லாதவர் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் 30

விடாத மழை. வேலையை நிறுத்தியாயிற்று. பாதி தோண்டிய பள்ளத்தின்மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5

மழை. பள்ளம் நிரம்பி வழிகிறது. சாரும் என் வீட்டுக்காரரும் பக்கெட்டில் மொண்டு ஊற்றினார்கள். மொள்ள மொள்ள நிறைகிறது. நாளைக்கு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு அறை கேட்டுப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

நவம்பர் 9

நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த டைரி தைத்த துணிகளோடு முன்னறைப் பையில் இருந்ததால் தப்பித்தது. தையல் மிஷின் போய்விட்டது.

சனிக்கிழமை பகல். அவர் வேலைக்குப் போயிருந்தார். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். பின்கதவைத் திறந்தால் திறக்கவில்லை. சுவர் வந்து கதவில் சாய்ந்திருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை. வெளியே ஓடி வந்தேன்.

"ரோட்டுக்கு எறங்குடி, ரோட்டுக்கு எறங்கு!" என்று பிலோமினா அக்கா கீழேயிருந்து கத்தினார். நாலு படி இறங்கியும் விட்டேன். அப்போதுதான் சார் குடையோடு மருந்துக்கடைக்குப் போனதைப் பார்த்தது நினைவு வந்தது. அவர் வெளியே போனால் எப்படிப் போவார் என்று எனக்குத் தெரியும்.

மேலே ஏறினேன். கேட்டில் பூட்டு, கதவில் பூட்டு. கேட்டை ஏறிக் குதித்தேன். மேஸ்திரி விட்டுப்போன கடப்பாரையால் கதவுப் பூட்டை நெம்பினேன். பின்வாசல் தரை தாளம் தட்டுகிற மாதிரி அதிர்ந்தது.

டீச்சர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர், போயிரலாம்."

"நான் வர மாட்டேன். நான் வெளிய போனா நீ உள்ள வந்து உக்காந்துக்குவ."

"வீடு விழுகுதுங்க!"

"விழட்டும். என் வீடு."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பிரித்தேன். என் கையைக் கடித்தார், ரத்தம் வந்துவிட்டது. விடவில்லை. இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கேட்டின் தாழ்ப்பாளைக் கடப்பாரையால் தட்டிப் பெயர்த்து, அவரைத் தெருவில் தள்ளி நானும் மேலே விழுந்தேன்.

பிறகு அந்தச் சத்தம். சாரின் அடுக்களையும் குளியலறையும் பின்வாசலும் எங்கள் வீட்டின் பாதியும் ஒரே சேறாகக் கீழே போயின. சார் படியில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என் மடியில் இருந்தார், "போலீசைக் கூப்பிடுங்க, இவ அடிக்கறா" என்று கத்திக்கொண்டு.

என் வீட்டுக்காரர் ஜீப்பில் எங்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். நாலு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள்.

நவம்பர் 10

அதிகாரி விசாரிக்க வந்தார். கூட அன்றைக்கு வந்த அதே பெண் போலீஸ். சுவரைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். செப்டம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், சார் சரிசெய்யவில்லை என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? சார், "அவங்க சொல்றது சரி" என்றார்.

பெண் போலீஸ் என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"நீங்க போறப்ப கதவு வெளிய பூட்டியிருந்துச்சா? அந்தம்மாவை உள்ள வெச்சுப் பூட்டிட்டா போனாரு?"

சாரின் பார்வை தரையில் இருந்தது.

"இல்லீங்க. சும்மா சாத்தியிருந்துச்சு."

"பூட்டை உடைச்சதா தெருவுல சொல்றாங்க?"

"தெருவுல என்ன வேணாலும் சொல்லுவாங்க மேடம்."

அவள் எழுதிக்கொண்டாள். அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார்.

"இந்த மழையில அந்த மண்ணைத் தோண்டலாமா? மேஸ்திரி வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, இப்பவே தோண்டியாகணும்னு அடம் புடிச்சது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

"நான்தாங்க" என்றார் அருணகிரி சார். "மேஸ்திரி பேர்ல தப்பில்ல. என் வீடு, என் சொவரு, நான்தான் சொன்னேன்."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்து போய் நாலு பேருக்கும் டீ வாங்கி வந்தேன். டீச்சர் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, மண்டபத்தில் கிடந்த பாயும் தட்டுமுட்டும் அழுகிற குழந்தைகளும் எல்லாம் தன் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்மேல் கண் நின்றது.

"ஏனுங்க, இவங்க இன்னும் காலி பண்ணலையா?"

"லோகா, பேசாம டீயைக் குடி" என்றார் சார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க எளகின மனசு. அதான் ஏறி உக்காந்திருக்காங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க, போதும்." பிறகு என்னிடமே திரும்பி, பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி விரலை ஆட்டினார். "போறப்ப வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும். ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கணும்."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். சார் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சரிங்க டீச்சர்" என்றேன். "அடிச்சுக் குடுத்துடறேன்."